காளைப்போரே பிடிக்காதவர் ஹெமிங்வேயின் 'டெத் இன் தி ஆஃப்டர்நூன்' படிக்கலாமா?

படிக்கலாம். ஆனால் நாவல் என்று நினைத்து எடுத்தால் சீக்கிரமே மூடிவிடுவீர்கள். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே ஸ்பெயின் காளைப்போரைப் பற்றி எழுதி 1932-இல் வந்த இந்தப் புத்தகம் பாதி கையேடு, பாதி அரட்டை. நடுவில் ஒரு கிழவி வந்து கேள்வி கேட்பாள். அலுத்ததும் ஆசிரியரே அவளை அனுப்பிவிடுவார்!

ஸ்பெயின் காளைப்போருக்கு மூன்று கட்டம். முதலில் குதிரைமேல் வரும் பிக்கடோர் ஈட்டியால் காளையின் திமிலில் குத்துவார். அப்புறம் முள்முனைக் குச்சிகளைச் செருகுவார்கள். கடைசியில் காளையைக் கொல்லும் வீரரான மட்டடோர், சிவப்புத் துணியும் வாளுமாக. ஹெமிங்வே இதை விளையாட்டு என்று சொல்வதில்லை, துன்பியல் நாடகம் என்கிறார். காளை சாவது முன்பே முடிவான விஷயம். மனிதன் எவ்வளவு நேர்மையாக ஆபத்தை நெருங்குகிறான் என்பதையே பார்க்கச் சொல்கிறார்.

முதல் அத்தியாயத்திலேயே, காளை முட்டி பிக்கடோர்களின் குதிரைகள் குடல் சரிந்து சாவதைப் பேசுகிறார். அந்தச் சாவில் ஒரு கோமாளித்தனம் இருக்கிறது என்கிறார். எனக்கு அது இன்றுவரை செரிக்கவில்லை.

எழுத்தில் ஆர்வமிருந்தால் பதினாறாம் அத்தியாயத்தை விடாதீர்கள். எழுத்தாளர் தனக்கு நன்றாகத் தெரிந்ததைச் சொல்லாமல் விடலாம் என்பதற்கு, பனிப்பாறையின் எட்டில் ஒரு பங்குதான் தண்ணீருக்கு மேலே தெரியும் என்று அவர் சொல்லும் புகழ்பெற்ற உவமை அங்கேதான் வருகிறது. படிக்கும்போது, பின்னால் உள்ள சொல்விளக்கப் பகுதியில் ஒரு விரலை வைத்துக்கொள்ளுங்கள்.