அவிநாசி முதலையும் ஒரு தென்னம்பாளையும்

வணக்கம்ங்க. பெரியபுராணக் கதை என்று புத்தகத்தை எடுத்தாலே 7 வயதுப் பையன் எழுந்து ஓடிவிடுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். கோபியில்தானே இருக்கிறீர்கள், அவிநாசிக் கதையிலிருந்து தொடங்குங்கள். நம்ம பக்கத்துக் கதை, அதில் முதலையும் இருக்கிறது.

காய்ந்த தென்னம்பாளை ஒன்று எடுங்கள். பிளந்திருக்கும் அந்த வாய் அப்படியே முதலை வாய்தான். இரண்டு புளியங்கொட்டை ஒட்டினால் கண். களிமண்ணில் ஒரே சாயலில் இரண்டு பையன்களைச் செய்யச் சொல்லுங்கள், ஒருவன் சின்னவன், ஒருவன் வளர்ந்தவன். சின்னவன் உள்ளே போவான். சிவனடியார் சுந்தரர் பாடியதும் வெளியே வருவது வளர்ந்தவன். விழுங்கப்பட்ட பிள்ளை, இடையில் போன வருடங்களின் வளர்ச்சியோடு திரும்பினான் என்பதுதான் கதையின் உயிர். என் மகள் பெரிய பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, "இவனை அவங்கம்மாவுக்கு அடையாளம் தெரியுமா?" என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

எதிரெதிரே இரண்டு அட்டைப்பெட்டி வீடுகளும் வேண்டும். அன்று அவனோடு குளிக்கப் போய் முதலையிடம் சிக்காமல் தப்பித்த தோழன் வீட்டில் பூணூல் கல்யாணம், மாவிலைத் தோரணம். விழுங்கப்பட்டவன் வீட்டில் அழுகை. அதை விட்டுவிடாதீர்கள், சுந்தரர் நின்றதே அந்த அழுகையைக் கேட்டுத்தான்.

சுந்தரர் அங்கே பாடிய பதிகத்தில் இப்போதைக்கு நான்கு வரி போதும். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவிநாசிக்குக் கூட்டிப் போங்கள். கோயிலில் முதலை வாய்ப் பிள்ளைச் சிற்பத்தை அவனே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.