அறவியலின் வரலாற்றைப் படிப்பதும் அறவியல் படிப்பதும் ஒன்றுதானா?
ஒன்றில்லை, ஆனால் முழுசாகப் பிரிக்கவும் முடியாது. அறவியலில் எது சரி என்று கேட்கிறோம். அதன் வரலாற்றில், அந்தக் கேள்வியை ஒருவர் தன் காலத்தில் எப்படிக் கேட்டார், யாரை மறுத்துக்கொண்டிருந்தார் என்று பார்க்கிறோம். ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1785-இல் அறவியல் பற்றி எழுதியதை மட்டும் தனியாகப் படித்தால் வானத்திலிருந்து குதித்த மாதிரி இருக்கும், அவருக்கு முன்னால் வுல்ஃப், ஹச்சிசன், ரூசோ போன்ற சிந்தனையாளர்கள் எல்லாரும் இருந்தார்கள் என்று தெரிந்த பிறகுதான் வாதம் யாரை நோக்கியது என்பது பிடிபடும்.

1958-இல் பிரிட்டிஷ் தத்துவவாதி எலிசபெத் ஆன்ஸ்கம் இன்னும் ஒரு படி போனார். அறக்கடமை என்று நாம் பேசுவதே, கட்டளையிடும் கடவுள் மீதான நம்பிக்கை தேய்ந்த பிறகும் மிஞ்சி நிற்கும் எச்சம், அரிஸ்டாட்டிலிடம் அது கிடையாது என்றார். எனக்கு இது கொஞ்சம் மிகையாகத்தான் படுகிறது. சரி, ஆனால் மறுப்பதற்கும் வரலாற்றுக்குள்தானே போக வேண்டியிருக்கிறது?