மூளை ஸ்கேனில் என்ன பார்க்கிறோம்? பக்கவாதம் பற்றிய கேள்வி பதில்

பக்கவாத நோயாளிகளின் ஸ்கேன் படங்களைப் பார்த்துச் சொல்வது என் அன்றாட வேலை. படம் வந்ததும் நரம்பியல் மருத்துவரும் நானும் ஒரே திரையைப் பார்த்து முடிவெடுக்கும் சில நிமிடங்களைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். இயன்றவரை எழுதுகிறேன்.

கேள்வி: அப்பாவுக்குத் திடீரென வலது கை, கால் விழுந்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போடாமல் முதலில் சி.டி. ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த நேரத்தில் மருந்து கொடுத்திருக்கலாமே?

கொடுத்திருக்கக் கூடாது. மூளை ரத்தக்குழாய் அடைத்தாலும் வாய் கோணும், கை விழும், பேச்சு குழறும். வெடித்துக் கசிந்தாலும் அதேதான். வைத்தியமோ நேரெதிர். அடைப்புக்கு உயிர்கொடுக்கும் ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி, கசிவுக்கு எமன். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் படுக்கையருகே நின்று இரண்டையும் உறுதியாகப் பிரிக்க முடியாது. சி.டி.யில் புதிய ரத்தம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்துவிடும். 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்குத் தலை சி.டி. எடுக்கும்வரை, மண்டையைத் திறக்காமல் இதை நேராகப் பார்க்க வழியே இருக்கவில்லை.

இதே காரணத்துக்காக இன்னொன்று: மாரடைப்புக்குக் கொடுப்பதுபோல் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். கசிவா அடைப்பா என்று தெரியாமல் கொடுக்கிற மாத்திரை அது. நம் ஆசிய நாடுகளில் கசிவின் பங்கு மேலை நாடுகளைவிட அதிகம்.

கேள்வி: சி.டி. நார்மல் என்று எழுதியிருந்தது. பிறகு எப்படிப் பக்கவாதம் என்று அட்மிட் செய்தார்கள்?

ரிப்போர்ட்டும் சரி, அட்மிட் செய்ததும் சரி. அடைப்பு ஏற்பட்ட முதல் சில மணி நேரம் சி.டி.யில் பெரிதாக ஒன்றும் தெரியாது. எங்களுக்கு அது நல்ல செய்தி: கசிவு இல்லை, மூளையின் பெரும்பகுதி இன்னும் பட்டுப்போகவில்லை. நுணுக்கமாகப் பார்த்தால் சாம்பல் நிறப் பகுதிக்கும் வெண்ணிறப் பகுதிக்கும் உள்ள எல்லை மங்கியிருக்கும். மூளையின் நடுத் தமனி பாயும் இடத்தைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்து, கெட்ட பகுதி ஒவ்வொன்றுக்கும் பத்திலிருந்து ஒன்று கழிப்போம். 'ஆஸ்பெக்ட்ஸ்' மதிப்பெண் என்பது அதுதான்.

கேள்வி: அம்மா இரவு பத்து மணிக்கு நன்றாகப் படுத்தார். காலை ஆறு மணிக்கு எழுப்பினால் இடது பக்கம் அசையவில்லை. நாலரை மணி நேரம் தாண்டிவிட்டது என்று ஊசி போட மறுத்துவிட்டார்கள். வேறு வழியே இல்லையா?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான், என் மனதை அதிகம் அறுப்பதும் இதுதான். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. அம்மாவுக்கு அது இரவு பத்து. கட்டி கரைக்கும் ஊசியை மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்று 1995இல் தெரிந்தது. 2008இல் அது நாலரை மணி நேரமானது. அந்தக் கணக்கில் அம்மாவுக்கு நேரம் முடிந்துவிட்டது.

ஆனால் எல்லோருடைய மூளையும் ஒரே வேகத்தில் சாவதில்லை. வாய்க்கால் அடைத்துக்கொண்டால் மடையோரப் பயிர் முதலில் காயும். பக்கத்து வயலிலிருந்து கசியும் நீரில் மற்ற பயிர் வாடியபடியே சில மணி நேரம் தாங்கும். மூளையிலும் கிளைக்குழாய்கள் வழியே கொஞ்சம் ரத்தம் வந்து ஒரு பகுதியை உயிரோடு வைத்திருக்கும். சிலருக்கு ஒரு மணி நேரம், சிலருக்குப் பதினைந்து மணி நேரம். எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைப் படம்தான் காட்டும்.

எம்.ஆர்.ஐ.யில் 'டிஃப்யூஷன்' படம், அடைப்பு வந்த சில நிமிடங்களிலேயே கெட்ட இடத்தை வெள்ளையாகக் காட்டும். 'ஃப்ளேர்' படம் காட்டுவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். முதலாவதில் தெரிந்து இரண்டாவதில் தெரியாவிட்டால், தொடங்கி அநேகமாக நாலரை மணி நேரம் ஆகவில்லை என்று பொருள். 2018இல் வெளியான 'வேக்-அப்' ஆய்வு இப்படித் தேர்ந்தவர்களுக்கு ஊசி போட்டது. 90 நாள் கழித்து ஊசி போட்டவர்களில் 53 சதவீதம் பேரும் போடாதவர்களில் 42 சதவீதம் பேரும் நன்றாகத் தேறியிருந்தார்கள். ரத்தக்கசிவு சற்று கூடியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பெரிய குழாயே அடைத்திருந்தால் இன்னொரு வழி, தொடை ரத்தக்குழாய் வழியாகக் கம்பிவலை செலுத்தி ரத்தக்கட்டியை இழுத்து எடுப்பது. ஆறு முதல் 24 மணி நேரத்துக்குள் வந்தவர்களை ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்த 'டான்' ஆய்வில், இப்படி எடுத்தவர்களில் 49 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் தம் வேலையைத் தாமே செய்துகொண்டார்கள். எடுக்காதவர்களில் அது 13 சதவீதம்தான்.

அம்மாவின் படத்தைப் பார்க்காமல் அன்றைய முடிவு தவறு என்று நான் சொல்ல முடியாது. ஆனால் தூக்கத்தில் வந்ததாலேயே கதவு மூடிவிட்டதென்று யாரும் நினைக்க வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் 24 மணி நேரம் அவகாசம் இருக்கிறதா?

இல்லவே இல்லை. பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்பது 2006ஆம் ஆண்டுக் கணக்கு. பிந்தி வந்தும் பலன் பெற்றவர்கள், கிளைக்குழாய் நன்றாக அமைந்தவர்கள். உங்களுக்கு எப்படி அமைந்திருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்து தெரியாது.

கேள்வி: சி.டி. ஆஞ்சியோவுக்குச் சாயம் ஏற்ற வேண்டும் என்றார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை. கிட்னி போய்விடாதா?

எந்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று சி.டி. ஆஞ்சியோவில் பார்க்காமல் கட்டியை இழுக்க முடியாது. சிறுநீரகக் கோளாறு இருந்ததாகத் தெரியாதவருக்கு கிரியாட்டினின் என்ற சிறுநீரக ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே டயாலிசிஸ், சாய அலர்ஜி ஏதாவது இருந்தால் உடனே சொல்லுங்கள்.

கேள்வி: எம்.ஆர்.ஐ.தானே உசத்தி? நேராக அதையே எடுக்கலாமே?

நேரம் பிடிக்கும். பேஸ்மேக்கர் இருந்தால் சிக்கல், நோயாளி அசைந்தால் படம் கெடும். முதல் முடிவுக்குப் பெரும்பாலும் சி.டி. போதும்.

கேள்வி: நாங்கள் என்ன தகவல் கொண்டுவந்தால் உங்களுக்கு உதவும்?

கடைசியாக நன்றாக இருந்த நேரம். 'காலையில' என்று சொல்லாதீர்கள். 'ஏழேகாலுக்குக் காபி குடித்தார், நன்றாகப் பேசினார்' என்று சொல்லுங்கள். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிட்டால் அட்டையோடு கொண்டுவாருங்கள், கடைசியாக எப்போது போட்டார் என்பதும் வேண்டும். அண்மையில் ஆபரேஷன் நடந்திருந்தால் அந்த ஃபைல். அவரைக் கடைசியாகப் பார்த்தவர் ஆம்புலன்ஸில் கூடவே வரட்டும். முடியாவிட்டால் அவருடைய கைபேசி எண்ணையாவது எழுதிக்கொண்டு வாருங்கள். நாங்கள் கூப்பிடும்போது அவர் எடுக்க வேண்டும்.