மின்சாரக் காரில் ரீஜென் (வேகம் குறையும்போது மோட்டாரே பிரேக்காக இழுத்துப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் வசதி) இருப்பதால் பிரேக் பேட் தேயவே தேயாது என்கிறார்களே, அப்படியானால் பிரேக்கைக் கவனிக்கவே வேண்டாமா?

தேய்மானம் மிகவும் குறையும், உண்மைதான். ஆனால் கவனிக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெட்ரோல் வண்டியில் பிரேக் உழைத்துக் கெடும். மின்சார வண்டியில் சும்மா கிடந்தே கெடும்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறிவிடுகிறது. சக்கரம் அதைச் சுழற்றுகிறது, பிறக்கும் கரன்ட் பேட்டரிக்குப் போகிறது, அந்தச் சுழற்சிக்கு எதிரான இழுவைதான் வண்டியின் வேகத்தைக் குறைக்கிறது. 1,600 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனிடம் இருப்பது 320 கிலோஜூல். கேட்கப் பெரிதாக இருக்கும். மின்சார யூனிட்டில் பார்த்தால் 0.09கூட வராது. அதிலும் இன்வெர்ட்டர் (பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே கரன்ட்டை மாற்றித்தரும் கருவி), மோட்டார், பேட்டரி என்று போகும் வழியிலும் வரும் வழியிலும் கொஞ்சம் கொஞ்சம் சூடாக வீணாகிறது. ஆகவே சிவப்பு விளக்கு தூரத்திலேயே தெரிந்தால், வேகமாகப் போய் ரீஜெனில் பிடிப்பதைவிட முன்கூட்டியே வேகத்தை விட்டு உருளவிடுவதுதான் லாபம். ரீஜென் எப்படியும் நிறுத்தியாக வேண்டிய இடத்துக்கு.

இன்னொன்று, ரீஜெனுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பேட்டரி ஒரு நேரத்தில் 60 கிலோவாட்தான் வாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 1,600 கிலோ கார் 50 கி.மீ. வேகத்தில் போகும்போது அந்த 60 கிலோவாட் ஒவ்வொரு நொடியும் வண்டியின் வேகத்தில் நொடிக்கு 2.7 மீட்டரைக் குறைக்கும், அதாவது நன்றாகவே இழுத்துப் பிடிக்கும். 100 கி.மீ. வேகத்தில் அது சரிபாதி, சுமார் 1.35 மீட்டர்தான். அவசரத்துக்கு அழுத்திப் பிடிக்கும் பிரேக் உலர்ந்த சாலையில் 8 மீட்டருக்குக் குறையாமல் தரும். மிச்சத்தை எல்லாம் தர வேண்டியது நீங்கள் மறந்துபோன அந்த டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு) அதை அழுத்திப் பிடிக்கும் பேடும்தான்.

சில நேரம் ரீஜென் அறவே இருக்காது, அல்லது பெயருக்கு இருக்கும். பேட்டரி 100 சதவீதம் நிறைந்திருந்தால் கரன்ட்டைப் போட இடமில்லை. பேட்டரி குளிர்ந்து கிடந்தால் வேகமாகச் சார்ஜ் ஏற்றக் கூடாது, லித்தியம் உலோகமாகவே படிந்துவிடும். அதனால் கண்ட்ரோல் யூனிட் தானே வரம்பைக் குறைத்துவிடும். சக்கரம் வழுக்கி, அது பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வேலைசெய்யத் தொடங்கினால் பெரும்பாலான வண்டிகள் ரீஜெனை விலக்கிவிட்டு ஆயில் அழுத்தத்தில் இயங்கும் வழக்கமான ஹைட்ராலிக் பிரேக்கிடம் பொறுப்பைக் கொடுத்துவிடும். மலையிலிருந்து இறங்குபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்: 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் அதே காருக்கு 4.4 யூனிட் அளவு ஆற்றல் வெளிவருகிறது. காற்றும் டயரும் தின்றது போக மீதி எங்காவது போயாக வேண்டும். மேலே தங்கியிருக்கும்போது இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு நிறைத்துவிட்டு இறங்குவதைவிட முட்டாள்தனம் வேறில்லை; 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள்.

இனி துரு. மழை பெய்த மறுநாள் காலையில் டிஸ்க்கின்மேல் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய படலம் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். போகாமல் விளிம்பில் வளையமாகத் தடித்து நிற்கிறதா, பேட் தொடும் பளபளப்பான பட்டை குறுகிக்கொண்டே வருகிறதா, அதுதான் வில்லங்கம். டிஸ்க்கின் உள்பக்கம் பெரும்பாலும் வெளிப்பக்கத்தைவிட மோசமாக இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

துருவைத் துடைக்க நிறையப் பேர் ரீஜென் அளவைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு பிரேக்கை மிதிக்கிறார்கள். பல வண்டிகளில் அது பலிக்காது: பூஜ்யம் என்பது ஆக்சிலரேட்டரை விடும்போது மட்டும்தான், பிரேக் பெடலை மிதித்தால் கம்ப்யூட்டர் மறுபடியும் மோட்டாரைத்தான் முதலில் கூப்பிடும். நியூட்ரலில் போட்டால்தான் மோட்டார் விலகும். பின்னால் வண்டி எதுவும் வராத, நேரான, காலியான சாலையில் 60 கி.மீ. வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி, 15 கி.மீ. வரை உறுதியாக, ஆனால் ஏபிஎஸ் துடிக்காத அளவுக்கு மிதியுங்கள். அரை நிமிடம் ஓடவிட்டு ஆறவைத்து, ஐந்தாறு முறை செய்தால் போதும். வண்டியைக் கழுவிய கையோடு ஈரமாக நிறுத்தாமல் பிரேக் பிடித்து உலரவைப்பது இதைவிடச் சுலபமான மருந்து.

சர்வீஸில் பேட் தடிமனை மட்டும் அளந்து "இன்னும் எண்பது சதவீதம் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அது பாதிக் கதைதான். பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வது ஸ்லைடு பின் என்ற கம்பியின்மேல்; அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கையாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே வெளியே போக வேண்டும். இறுகியிருந்தால் உள்பேடும் வெளிப்பேடும் ஒரே சீராகத் தேயாது, டிஸ்க்கின் ஒரு பக்கம் துருப்பிடிக்கும், மறுபக்கம் உராய்ந்துகொண்டே இருக்கும். சுத்தம் செய்து சிலிக்கான் பிரேக் கிரீஸ் மட்டும் தடவ வேண்டும். சாதாரணக் கிரீஸ் ரப்பர் உறையை உப்பவைத்துவிடும். பிரேக் ஆயிலும் சும்மா கிடந்தே கெடும், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, 3.7 சதவீதம் நீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரி. தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியில், பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மாற்றிவிடுங்கள்.

இந்தத் தொல்லையையும் மனதில் வைத்துத்தான் ஃபோக்ஸ்வாகன் ஐடி.3, ஐடி.4 கார்களில் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக்கைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மூடிய டிரம்முக்குள் துரு குறைவு, பிரேக் தூசியும் அவ்வளவாக வெளியே பறக்காது. ஐரோப்பாவின் யூரோ 7 விதி பிரேக் தூசிக்கும் வரம்பு வைத்திருக்கிறது: முழு மின்சாரக் காருக்குக் கிலோமீட்டருக்கு 3 மில்லிகிராம், பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 7. புகைக்குழாய் இல்லாத வண்டிக்கும் இனி மாசுக் கணக்கு உண்டு.

பழைய மின்சாரக் கார் வாங்கப் போகிறவர்கள் பேட்டரி ஆரோக்கியத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், ஒரு டார்ச்சை எடுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் அடித்து டிஸ்க்கின் உள்முகத்தைப் பாருங்கள். அங்கே பொரிப்பொரியாகத் துரு இருந்தால் டிஸ்க்கும் பேடும் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.