2,950 ரூபாய் கட்டி ஒரு கார்டு: வாங்கலாமா?

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஐடி வேலை, வாடகை வீடு கக்கதாசபுராவில், சொந்த ஊர் திண்டுக்கல். ஆண்டுக் கட்டணமே இல்லாத கிரெடிட் கார்டு ஒன்று வைத்திருக்கிறேன், அது 1% கேஷ்பேக் தருகிறது. ஆபீஸ் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் வங்கிக்காரர் ஒருவர், ஆண்டுக்கு 2,500 ரூபாய், ஜிஎஸ்டி தனி என்று ஒரு பிரீமியம் கார்டைக் காட்டுகிறார். 150 ரூபாய்க்கு 4 பாயிண்ட், ஏர்போர்ட் லவுஞ்ச், சேர்ந்தவுடன் 2,500 ரூபாய் வவுச்சர், வருடத்துக்கு 4 லட்சம் செலவு செய்தால் அடுத்த வருடக் கட்டணம் தள்ளுபடி. எங்களுக்கு வாடகையோடு சேர்த்து மாதம் 75,000 செலவாவதால் 4 லட்சத்தைச் சுலபமாகத் தொட்டுவிடலாம் என்கிறார். "சும்மா கிடைத்த கார்டு இருக்கும்போது காசு கொடுத்து இன்னொன்று எதற்கு?" என்று மனைவி கேட்கிறாள். போன வருடம் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு மாதம் மினிமம் டியூ (பில்லில் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டினேன், மற்றபடி பில்லை முழுசாகக் கட்டிவிடுவேன். வாங்கலாமா?

பதில்: உங்கள் மனைவியின் கேள்விதான் சரியான கேள்வி. ஆனால் வெறுமனே வேண்டாம் என்று சொன்னால் அடுத்த வாரம் அந்த மேசையைத் தாண்டும்போது மறுபடியும் சபலம் தட்டும், அதனால் கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம்.

முதலில் அந்த 75,000. மெயிலோடு நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். வாடகை 28,000, ஸ்கூல் ஃபீஸையும் இன்சூரன்ஸ் பிரீமியத்தையும் மாதக் கணக்கில் பிரித்தால் சுமார் 10,200, பெட்ரோல் 4,000, அப்புறம் பால், தள்ளுவண்டிக் காய்கறி, வீட்டு வேலைக்கு வருகிற அம்மா, ஆட்டோ என்று யூபிஐயில் போவது 8,800. மிச்சம் இருப்பது சூப்பர் மார்க்கெட், ஹோட்டல், ஆன்லைன் ஷாப்பிங், போன், கரண்ட் பில் எல்லாம் சேர்ந்து 24,000. பாயிண்ட் என்று உங்களுக்கு ஏதாவது வந்தால் அது இந்த 24,000-த்துக்குத்தான். வாடகைக்குப் பெரும்பாலான வங்கிகள் இப்போது பாயிண்ட் தருவதில்லை, பெட்ரோலுக்கு சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதோடு சரி, ஸ்கூல் ஃபீஸுக்கும் பிரீமியத்துக்கும் கிடைக்காது என்று நீங்கள் அனுப்பிய வங்கி நோட்டீஸின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது.

ஆக வருடத்துக்கு 2,88,000. நூற்றைம்பதுக்கு நான்கு என்றால் 7,680 பாயிண்ட், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதை ரூபாயாக மாற்றும் இடத்தில்தான் காற்று இறங்கும். அதே நோட்டீஸின்படி, பில்லில் கழித்துக்கொண்டால் ஒரு பாயிண்டுக்கு 20 பைசா, அதாவது மொத்தம் 1,536 ரூபாய். வங்கியின் சொந்தத் தளத்தில் விமான டிக்கெட் போட்டால் 50 பைசா, மொத்தம் 3,840 ரூபாய். நீங்கள் கட்டப்போவது 2,500-உடன் 18% ஜிஎஸ்டி, 2,950. முதல் வழியில் 1,414 ரூபாய் நஷ்டம். இரண்டாவது வழியில் 890 ரூபாய் மிச்சம். அந்தத் தளத்தில் டிக்கெட் விலை வெளியில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அந்த 890-ம் கரைந்துவிடும். சில வங்கிகளில் பாயிண்டை மாற்றுவதற்கே 99 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும் உண்டு.

அப்புறம் இன்னொரு சின்ன விஷயம். பல கார்டுகளில் பாயிண்டை மாத மொத்தத்துக்குப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். நீங்கள் 290 ரூபாய்க்கு டிபன் வாங்கினால் ஒரு நூற்றைம்பதுக்குத்தான் 4 பாயிண்ட், மிச்சம் 140 ரூபாய் கணக்கிலேயே வராது. நான் மேலே போட்ட 7,680 என்பதே தாராளமான கணக்கு.

சரி, 890 மிச்சம்தானே, இருக்கட்டுமே என்று தோன்றும். அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கையில் இருக்கும் இலவசக் கார்டிலேயே இதே 2,88,000-ஐத் தேய்த்தால் 1% வீதம் 2,880 ரூபாய் எந்தக் கட்டணமும் இல்லாமல் வந்துவிடும். புதுக் கார்டு அதிகபட்சம் 890 தரும், பழைய கார்டு 2,880 தரும். கட்டணத்தைவிடப் பாயிண்ட் அதிகமா என்று மட்டும் பார்த்தால் போதாது, இப்போது கையில் இருக்கும் கார்டைவிட எவ்வளவு கூடுதல் என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், எல்லாப் பாயிண்டையும் விமான டிக்கெட்டாகவே மாற்றினாலும், கட்டணம் கட்டி இந்தக் கார்டு உங்கள் பழைய கார்டைத் தாண்டுவதற்குப் பாயிண்ட் கிடைக்கிற செலவு மட்டும் வருடத்துக்கு 8,85,000 ரூபாய் ஆக வேண்டும்.

4 லட்சம் தள்ளுபடி விஷயத்துக்கு வருவோம், மேசைக்காரரின் துருப்புச் சீட்டே அதுதான். வாடகையைச் சேர்த்தால் சுலபம் என்கிறார். கிரெடிட் கார்டில் வாடகை கட்டினால் பல வங்கிகள் 1% கட்டணம் போடுகின்றன. உங்கள் வருட வாடகை 3,36,000, அதில் 1% என்றால் 3,360, ஜிஎஸ்டியோடு 3,965 ரூபாய். வருடம் முழுக்க இப்படிக் கட்டினால் 2,950-ஐ மிச்சம் பிடிக்க 3,965 செலவு, கணக்கு எப்படி! அதுவும் வாடகையைத் தள்ளுபடி வரம்பில் சேர்த்துக்கொண்டால்தான், பல கார்டுகளில் சேர்ப்பதில்லை. தவிர, 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி பேமெண்ட் அக்ரிகேட்டர் (நம்மிடம் பணம் வாங்கிக் கடைக்காரருக்குச் சேர்க்கும் இடை நிறுவனம்) விதிகளை இறுக்கிய பிறகு பல ஆப்களில் கார்டில் வாடகை கட்டும் வசதியே நின்றுவிட்டது.

ஸ்கூல் ஃபீஸ் 90,000-மும் பிரீமியம் 32,000-மும் வரம்பில் சேரும் என்று வங்கி எழுத்தில் சொன்னால் 4,10,000 ஆகிவிடும், கட்டணம் கிடையாது, அப்போது 3,840-க்கு எதிரே 2,880, வருடத்துக்கு 960 ரூபாய் லாபம். ஆனால் கார்டில் கட்டினால் 1.2 சதவீதமும் ஜிஎஸ்டியும் கூடுதல் என்று உங்கள் ஸ்கூல் வாங்குவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 90,000-க்கு அது 1,274. அதோடு அந்த லாபமும் போச்சு.

இந்த வரம்பில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். வருடம் என்றால் ஏப்ரல் முதல் மார்ச் வரை என்று நினைத்து, மார்ச் கடைசியில் தேவையே இல்லாத ஒரு மைக்ரோவேவ் வாங்கி வரம்பைத் தாண்டிவிட்டதாகச் சந்தோஷப்பட்டேன். வங்கிக்கு வருடம் என்பது கார்டு கொடுத்த தேதியிலிருந்து. என் வருடம் பிப்ரவரியிலேயே முடிந்திருந்தது. கட்டணம் வந்தது, மைக்ரோவேவ் இன்னும் அல்சூர் வீட்டில் ரொட்டி டப்பாவுக்கு ஸ்டாண்டாக இருக்கிறது.

லவுஞ்ச் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. கெம்பேகவுடா ஏர்போர்ட் லவுஞ்சில் கார்டைத் தேய்த்து 2 ரூபாய் கழிந்ததும் இட்லி, காபி கிடைப்பது சுகம்தான், முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவு செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இப்போது பல கார்டுகளில் வந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள். ஆனால் நீங்கள் ஊருக்குப் போவது மைசூர் - தூத்துக்குடி எக்ஸ்பிரஸில். விமானம் ஏறுவது வருடத்தில் ஒரு தடவை. மாதம் இரண்டு முறை சொந்தச் செலவில் மும்பை, டெல்லி என்று பறக்கிற ஒருவர் இதையே கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்றிருப்பேன்.

வவுச்சருக்காக முதல் வருடம் மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். வவுச்சர் செல்லும் கடையில் எப்படியும் வாங்கப்போகிற பொருள் இருந்தால் செய்யலாம், தப்பில்லை. இரண்டாம் வருடக் கட்டணம் விழுவதற்கு ஒரு மாதம் முன்பே பாயிண்டைத் தீர்த்து, பாக்கியைக் கட்டி, மூடச் சொல்லி எழுதிவிடுங்கள். ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதிப்படி, பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் வங்கி உங்களுக்கு நாளுக்கு 500 ரூபாய் தர வேண்டும். கஸ்டமர் கேரில் "இன்னும் ஆறு மாதம் வைத்திருங்கள் சார்" என்று கெஞ்சுவார்கள், அசையாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது மினிமம் டியூ மட்டும் கட்டிய அந்த இரண்டு மாதம்தான். மாத வட்டி 3.75% என்று வையுங்கள், பல கார்டுகளில் அதுதான் விகிதம். 40,000 பாக்கிக்கு ஒரு மாத வட்டி 1,500, ஜிஎஸ்டியோடு 1,770. இரண்டு மாதத்தில் சுமார் 3,500. பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கியதற்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது, அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும். ஆஸ்பத்திரிச் செலவை நான் குறை சொல்லவில்லை, யாருக்கும் வரும். ஆனால் இந்த ஆயிரம் ஐந்நூறு பாயிண்டுக்கு மண்டையைக் குடைவதைவிட, ஒன்றரை லட்சம் வரை ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்டில் அவசரத்துக்கு என்று ஒதுக்கிவைத்தால் உங்களுக்கு மிச்சமாவது அதிகம்.

எனவே புதுக் கார்டு வேண்டாம். பழைய கார்டின் ஆப்பைத் திறந்து ஆட்டோ டெபிட் (வங்கிக் கணக்கிலிருந்து பில் தானாகக் கழிவது) எதில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். விண்ணப்பத்தில் "மினிமம் டியூ" கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, மாதாமாதம் முழுசாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதை "டோட்டல் டியூ" என்று மாற்றிவிடுங்கள்.