வாசகர் கேள்வி: பாரிஸ் தெருவில் இடிபாடு

கேள்வி: 1944 ஆகஸ்டில் விடுதலையான பாரிஸ் தெருவை 1/35 அளவில் சிறு மாதிரியாகச் செய்கிறேன். ஷெர்மன் டாங்கியும் வீரர்களும் தயார். இடிபாடுதான் சரியாக வரவில்லை.
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, பாரிசுக்கு இடிபாடு அதிகம் வேண்டாம். அங்கே தெருவை மறித்தவை மக்களே கட்டிய தடுப்பரண்கள்: பெயர்த்த தெருக்கற்கள், வெட்டிச் சாய்த்த மரங்கள், மணல் மூட்டைகள். 10 சென்டிமீட்டர் கல் உங்கள் அளவில் 3 மில்லிமீட்டர்கூட வராது. களிமண்ணை மெல்லிய தகடாகத் தட்டி, அரைகுறையாகக் காய்ந்ததும் கத்தியால் கீறி, நன்றாக இறுகியபின் ஒவ்வொன்றாக உடைத்தெடுங்கள். ஓரம் கொஞ்சம் நொறுங்கட்டும், அதுதான் அழகு. கல் பெயர்த்த பள்ளத்தில் மணல் தெரிய வேண்டும். நான் டீ வடிகட்டியில் சலித்துத் தூவுவேன்.

அப்புறம், மழை நாளில் மேட் வார்னிஷ் (பளபளப்பைப் போக்கும் மேல்பூச்சு) அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் வெள்ளை பூத்துவிடும். மூன்று வாரம் பாடுபட்ட டாங்கி எனக்கு அப்படித்தான் போயிற்று.