ஃப்யூஷன் படித்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் ஐயா. உங்கள் மகள் எம்.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு, ஃப்யூஷன் (அணுக்கரு இணைவு) உலைச் சுவரில் புதையும் ஹைட்ரஜன் ஐசோடோப்புகளை, அதாவது ஹைட்ரஜனின் கனமான வகைகளை, அளக்கும் ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படுகிறார். உலையே இன்னும் மின்சாரம் தரவில்லையே என்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் அவர் கையில் ஏறப்போகும் தொழில் வேக்யூமும், வாயுக்களை நிறை வாரியாகப் பிரித்து எண்ணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும்.

முதலில் கதிர்வீச்சு பயம். மாணவர்கள் பெரும்பாலும் தொடுவது டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன், அது கதிரியக்கமற்றது. அதைவிடக் கனமான, கதிரியக்கமுள்ள டிரிட்டியம் (அரை ஆயுள் 12.3 ஆண்டு) உரிமம் பெற்ற ஆய்வகங்களில் மட்டும். பல நாடுகள் சேர்ந்து பிரான்சில் கட்டும் இட்டர் என்ற ஃப்யூஷன் சோதனை உலைக்குள் டிரிட்டியம் ஒரு கிலோவுக்கு மேல் தங்கக்கூடாது என்பது பாதுகாப்பு வரம்பு. அளவீட்டுக்கு மதிப்பு அதனால்தான்.

வேலை இப்படி: உலைச் சுவருக்குப் பயன்படும் டங்ஸ்டனில் விரல்நகம் அளவு துண்டை வேக்யூமில் வைத்து, சீராக 1,000 டிகிரி வரை சூடேற்றி, வெளியேறும் வாயுவை நிறை எண் 2, 3, 4 என்று எண்ணுவது. இரண்டு டியூட்டீரியம் சேர்ந்த மூலக்கூறு 4-இல் வரும், ஆனால் 4-ஐ மட்டும் எண்ணினால் கணக்கு குறையும். டியூட்டீரியத்தில் ஒரு பங்கு சாதாரண ஹைட்ரஜனோடு சேர்ந்து 3-இல் வந்துவிடும். 4-லும் வில்லங்கம் உண்டு. ஹீலியம் 4.0026, டியூட்டீரிய மூலக்கூறு 4.0282, சாதாரணக் கருவிக்கு இரண்டும் ஒன்றே. ஹீலியம் அயனியாக 24.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், மற்றதற்கு 15.5 போதும். கருவியின் எலக்ட்ரான் ஆற்றலை 20-இல் வைத்தால் ஹீலியம் வாயடைத்துவிடும். ஆனால் டியூட்டீரியத்தின் சிக்னலும் குறைந்துவிடும், அதனால் அதே 20-இல், அளவு தெரிந்த கசிவுக் குப்பியை வைத்து மறுபடி காலிபரேட் செய்ய வேண்டும். வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள், டங்ஸ்டன் துண்டைத் தொடாமல் அதன் தாங்கியைத் தொட்டால் வெப்பநிலையே பொய்.

பொறுமைதான் தகுதி. காசு மிச்சம் பிடிக்கப் வேக்யூம் இணைப்பை அடைக்கும் பழைய செம்பு கேஸ்கெட்டையே மறுபடி பூட்டினால், கசிவு தேடியே இரண்டு நாள் போகும்.

ஃப்யூஷன் பெயரில் அரசுப் பணியிடங்கள் குறைவு, பிஎச்.டி.க்கு ஐந்தாண்டாவது ஆகும். ஆனால் செமிகண்டக்டர் ஆலை, கம்ப்ரஸர் கசிவுச் சோதனை, எஃகில் ஹைட்ரஜன் நுழைந்து விரிசல் விடுவதை ஆராயும் கூடம், எல்லாவற்றுக்கும் இதே கைப்பழக்கம் தேவை.

காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் எம்.எஸ்சி. முதலாண்டினருக்குக் கோடைப் பள்ளி நடத்துகிறது, விண்ணப்பிக்கட்டும். பிஎச்.டி. சேர்க்கைக்கான ஜெஸ்ட் நுழைவுத் தேர்வுக்கும் இப்போதே படிக்கலாம். ப்ராஜெக்ட்டுக்கு சிமுலேஷன் தந்தால் வேண்டாம் என்று சொல்லி, டர்போ பம்ப் (உயர் வேக்யூம் உண்டாக்கும் பம்ப்) ஓடும் ஆய்வகத்தைக் கேட்கச் சொல்லுங்கள்.